கரை மறையும் தூரம்

மன்னார் வளைகுடாவின் முத்துப் பார்கள், தூத்துக்குடிக் கரையிலிருந்து பத்து கிலோமீட்டர் தொடங்கி இருபது கிலோமீட்டர் வரையில் விலகி, பன்னிரண்டு மீட்டரும் அதற்கு மேலும் ஆழமுள்ள நீருக்கடியில், மேலே மிதக்கும் படகுக்குத் தம் இருப்பைத் தெரிவிக்கும் அறிகுறி எதுவும் இன்றிக் கிடப்பவை. ஆயினும் செயற்கைக்கோளைக் கொண்டு இடமறியும் கருவிகள் தோன்றுவதற்குப் பல தலைமுறைகளுக்கு முன்பே, இக்கரையில் சங்கு குளித்தவர்களும் முத்துக் குளித்தவர்களும், வேண்டிய பாரின்மேல் வேண்டிய இடத்தில் நங்கூரத்தை இறக்கி வந்தார்கள். அவர்கள் கையாண்ட உபாயம் வெகு எளியது. கரையில் முன்னும் பின்னுமாக நிற்கும் இரண்டு பொருள்கள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தும்படி படகை நகர்த்திச் சென்றால், படகு ஒரு நிச்சயமான கோட்டின்மேல் வந்துவிடுகிறது. வேறு திசையில் இன்னொரு ஜோடிப் பொருள்களும் அவ்வாறே பொருந்தும் தருணத்தில், இரண்டு கோடுகளும் வெட்டிக்கொள்ளும் புள்ளியில் படகு நிற்கிறது. 1713-ஆம் ஆண்டில் எழுந்த பனிமய மாதா ஆலயமும், திருச்செந்தூர்க் கோயிலின் ஒன்பது நிலைக் கோபுரமும், மணப்பாட்டு மணற்குன்றின்மேல் நிற்கும் திருச்சிலுவைக் கோயிலும், கலங்கரை விளக்கமும், தத்தம் தர்மங்களோடு இந்த உபகாரத்தையும் கடலோடிகளுக்குச் செய்து வந்திருக்கின்றன.

இந்த உபாயம் முழுவதும் ஒரே ஒரு நிபந்தனையின்மேல் நிற்கிறது: கரை தெரிய வேண்டும். கரை தெரியாமற் போவதற்குக் காரணங்கள் இரண்டு. முதலாவது பூமியின் வளைவு. கடல்மட்டத்துக்கு மேல் இரண்டு மீட்டர் உயரத்தில் கண்ணை வைத்துக்கொண்டு வள்ளத்தில் நிற்பவருக்கு அடிவானம் ஐந்தரை கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது; நாற்பது மீட்டர் உயரமுள்ள ஒரு கோபுரத்தின் உச்சி, காற்று ஒளியைச் சற்று வளைத்துத் தரும் அனுகூலத்தையும் சேர்த்துக்கொண்டால், ஏறத்தாழ 30 கிலோமீட்டர் வரையில் அவருக்குப் புலப்பட வேண்டும். இந்தக் கணக்கு என்றைக்கும் மாறாதது. பாண்டியர் காலத்திலும் இதுவே, இன்றைக்கும் இதுவே. இரண்டாவது காரணமாகிய காற்றின் மங்கலோ நாளுக்கு நாள், ஏன், காலைக்கும் மாலைக்குமே மாறுவது. வளைவு 30 கிலோமீட்டர் வரையில் அனுமதித்த கோபுரத்தை, பன்னிரண்டாவது கிலோமீட்டரிலேயே காற்று மறைத்துவிடுவதுண்டு. இவ்வாறு மறைக்கும் சக்தியை ஓர் எண்ணாக்கிச் சொல்வதற்கு மனிதர் கண்ட கருவிகளைப் பற்றியது இந்த அத்தியாயம்.

தூரத்துப் பொருள் மறைவதற்குக் காரணம் அதிலிருந்து புறப்பட்ட ஒளி வழியிலே அழிந்துபோவதுதான் என்று நாம் சாதாரணமாக நினைக்கிறோம். அது பாதி உண்மை. உச்சிவேளையில் ஒரு கருத்த மலையைப் பாருங்கள். தூரம் கூடக்கூட அது மேலும் கறுப்பதில்லை, வெளுக்கிறது. கருமையான பொருளிலிருந்து இழப்பதற்கு ஒளி ஏது? நமக்கும் மலைக்கும் இடையிலுள்ள காற்று, தன்மேல் விழும் சூரிய கிரணங்களைச் சிதறடித்து, அவற்றில் ஒரு பகுதியை நம் கண்ணுக்குள் அனுப்புகிறது. இந்தக் காற்றொளி, மெல்லிய மல் துணித் திரைகளை ஒன்றன்முன் ஒன்றாகத் தொங்கவிட்டாற்போல, தூரத்துக்குத் தூரம் அடுக்கடுக்காகச் சேர்ந்து, கடைசியில் மலையின் நிறமும் அதன் பின்னாலுள்ள அடிவானத்தின் நிறமும் ஒன்றாகும் வரையில் வளர்ந்துவிடுகிறது. அப்போது மலை அங்கேயே இருந்தும் நமக்கு இல்லாததாகிறது. மறைப்பது இருளன்று, மிகுதியான வெளிச்சமே என்பதை மனத்தில் வாங்கிக்கொண்டால், இந்தச் சாஸ்திரத்தின் பாதி கைவந்துவிட்டது.

மற்றப் பாதி கணிதம். காற்றின் ஒவ்வொரு பகுதியும் தன்னிடம் வந்து சேரும் ஒளியில் ஒரே விகிதத்தையே குறைக்கிறது என்ற விதியை 1729-இலேயே பியேர் பூகே என்ற பிரெஞ்சு அறிஞர் வகுத்துவிட்டார். அந்த விதியைப் பகல்நேரப் பார்வைக்குப் பொருத்தி, மலைக்கும் வானத்துக்கும் உள்ள வெளிச்ச பேதமும் அதே விகிதத்தில்தான் தேய்கிறது என்று 1924-இல் நிரூபித்தவர், டான்ஸிக் நகரத்தில் பணியாற்றிய ஹரால்ட் கோஷ்மீடர். சாதாரணக் கண் நூற்றுக்கு இரண்டு பங்கு பேதம் வரையில் பிரித்தறியும் என்று கொண்டால், பார்வை எல்லையைக் காண்பதற்கு 3.912 என்ற எண்ணைக் காற்றின் இழப்பு எண்ணால் வகுத்தால் போதும். இழப்பு எண் என்பது ஒரு கிலோமீட்டர் நடக்கையில் ஒளிக்கு நேரும் தேய்மானத்தின் அளவு. தூசும் ஈரமும் அறவே இல்லாத காற்றிலும், வாயு மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிப்பதால், பார்வைக்கு ஏறத்தாழ 300 கிலோமீட்டர் அளவில் ஓர் எல்லை உண்டு. பரிபூரண நிர்மலமான ஆகாயத்திலும் அதற்கப்பால் காண இயலாது.

நமக்குத் தெரிந்த ஒரு மலையை வைத்து இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 1,868 மீட்டர் உயரமுள்ள பொதிகைச் சிகரம் தூத்துக்குடியிலிருந்து நேர்கோட்டில் 100 கிலோமீட்டருக்குச் சற்றே குறைந்த தூரத்தில் உள்ளது. பூமியின் வளைவு அதன் அடிப்பகுதியில் அறுநூறு மீட்டருக்கு மேல் மறைத்தபோதிலும், எஞ்சியது அடிவானத்துக்கு மேல் முக்கால் பாகைக்குச் சற்றுக் குறைந்த உயரத்துக்கு எழுந்து நிற்க வேண்டும். இது பூர்ண சந்திரனின் அகலத்தைக் காட்டிலும் அதிகம். ஆனால் பார்வை எல்லை 15 கிலோமீட்டராக இருக்கும் ஒரு நாளில், நூறு கிலோமீட்டர்க் காற்றைக் கடந்து வரும் பேதம் லட்சம் கோடியில் ஐந்து பங்கே எஞ்சும். எந்தத் தொலைநோக்கியும் அதை மீட்டுத் தராது. தொலைநோக்கி உருவத்தைப் பெரிதாக்குமேயன்றி, கரைந்துபோன பேதத்தைத் திரும்ப உண்டாக்காது. வடகிழக்குப் பருவ மழை காற்றைக் கழுவிவிட்டுப்போன காலைகளில் மேற்கே தொடர்ச்சி மலையின் நீலக்கோடு எழுவதும், மற்ற நாட்களில் சுமார் 30 கிலோமீட்டரில் உள்ள வல்லநாட்டுக் குன்றுகூடத் தேட வேண்டியதாவதும், இந்தத் தேய்மானத்தின் கடுமையினால்தான்.

மழைக்குப் பிந்திய தெளிவை நில அளவைக்காரர்கள் நன்கு அறிந்திருந்தார்கள். வில்லியம் லாம்ப்டன் சென்னையிலே தொடங்கித் தெற்கே கன்னியாகுமரிக்கு அருகிலுள்ள புன்னை வரையில் 1809-இல் தம் முக்கோண வலையைக் கொண்டுவந்தபோது, குன்றுக்குக் குன்றும் கோபுரத்துக்குக் கோபுரமும் அவர் வைத்த நீண்ட பார்வைக் கோடுகள் காற்றின் தயவை நம்பியே இருந்தன. கோடையின் மங்கலில் தூரத்துக் கொடிகள் தெரியாமற் போனமையால், காய்ச்சலும் நனைதலும் ஆட்களை வாட்டும் என்று தெரிந்தும் மழைக்காலத்தில் அளக்க வேண்டியிருந்தது. அவருக்குப்பின் வந்த எவரெஸ்ட், பகலில் சூரிய ஒளியைத் திருப்பும் கண்ணாடிகளையும் இரவில் விளக்குகளையும் கொண்டு அந்த மங்கலை ஊடுருவ முயன்றார். இந்தியாவின் வரைபடத்துக்காக உயிர் விட்டவர்களின் கணக்கில் ஒரு பகுதியைப் புகைமூட்டத்தின் பெயரில் எழுதுவதே நியாயம் என்பது என் அபிப்பிராயம்.

மங்கலை அளப்பதற்கென்றே முதன்முதலில் ஒரு சாதனத்தைச் செய்தவர்களில் ஜெனிவாவின் தெ ஸோஸ்யூர் குறிப்பிடத்தக்கவர். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் அவர் வெள்ளைப் பரப்பின்மீது கருவட்டங்கள் இரண்டை வரைந்தார். ஒன்றின் விட்டம் மற்றதைப்போல் பன்னிரண்டு மடங்கு. காற்று முற்றிலும் தெளிந்ததாயின், சிறியது மறையும் தூரத்தைப்போல் பன்னிரண்டு மடங்கு தூரத்தில் பெரியது மறைய வேண்டும். எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு காற்றின் குற்றம். அடியளந்து பின்னோக்கி நடப்பதைத் தவிர வேறு யந்திரம் எதுவும் தேவைப்படாத இந்த யுக்தியின் அழகு, அது பார்வையாளனுக்கும் பொருளுக்கும் இடையிலுள்ள முழுத் தூரத்தையும் சோதிக்கிறது என்பதில் இருக்கிறது. வானிலை நிலையங்களின் வழக்கமும் இதன் வழித்தோன்றலே: நிலையத்தைச் சுற்றித் தூரம் தெரிந்த மரம், கோபுரம், புகைபோக்கி, குன்று முதலியவற்றைக் குறித்து வைத்துக்கொண்டு, எது தெரிகிறது எது தெரியவில்லை என்று வேளைதோறும் எழுதுவது. கடலில் அத்தகைய அடையாளங்கள் கிடையா என்பதால், கப்பல்கள் 50 மீட்டருக்கும் குறைவு என்பது முதல் 50 கிலோமீட்டருக்கும் அதிகம் என்பது வரையில் பத்தே படிகளில் தம் மதிப்பைத் தெரிவிக்கின்றன.

இரவுக்குரிய விதி வேறு. அதைக் கண்டவர் பிரான்சின் கலங்கரை விளக்கப் பொறியாளர் எமீல் அலார், ஆண்டு 1876. தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும் விளக்கொளி, காற்றின் இழப்பினால் மேலும் குறைந்து, கண்ணுக்கு எட்டாத அற்ப அளவை அடையும் இடமே இரவின் பார்வை எல்லை. மாலுமிகளின் புத்தகத்தில் ஒரு கலங்கரை விளக்கத்துக்கு இத்தனை மைல் என்று அச்சிட்டிருக்கும் பெயரளவுத் தூரம், காற்றின் பார்வை எல்லை பத்து கடல்மைலாக இருக்கும் ராத்திரிக்கு மட்டுமே செல்லும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

இருபதாம் நூற்றாண்டின் நாற்பதுகளில், விமானங்கள் மூடுபனியிலும் இறங்க வேண்டிய அவசியம் வந்தபோது, மனிதக் கண்ணுக்குப் பதிலாக யந்திரக் கண் ஒன்று வேண்டியதாயிற்று. அமெரிக்காவில் டக்ளஸும் யங்கும் உருவாக்கிய டிரான்ஸ்மிஸ்ஸோமீட்டர் அந்த வகையில் முன்னோடி. ஒரு கம்பத்தில் விளக்கு, எதிர்க் கம்பத்தில் ஒளியை உணரும் கருவி. புறப்பட்டதற்கும் வந்து சேர்ந்ததற்கும் உள்ள விகிதமே காற்றின் சாட்சி. கண்ணின் நூற்றுக்கு இரண்டு என்ற எல்லைக்குப் பதிலாக, ஒளிக்கற்றை நூற்றுக்கு ஐந்து பங்காகக் குறையும் தூரத்தையே பார்வை அளவாகக் கொள்வதென்று உலக வானிலை அமைப்பு 1957-இல் தீர்மானித்தது. ஆகையால் பழைய கணக்கில் 13 கிலோமீட்டராகிய அதே காற்று புதிய கணக்கில் 10 கிலோமீட்டராகும். நம் நாட்டில், பெங்களூரின் தேசிய விண்வெளி ஆய்வுக்கூடம் ‘திருஷ்டி’ என்ற பெயரில் இத்தகைய கருவியைச் சொந்தமாகச் செய்து, இந்திய வானிலை ஆய்வுத் துறையின் துணையோடு விமான நிலையங்களில் நிறுவியிருக்கிறது. ஓடுபாதையின் அருகே நின்று வெண்பனியில் விமானிக்கு எத்தனை மீட்டர் தெரியும் என்று சொல்லும் அந்தக் காரியத்தில் அதற்கு நிகர் வேறில்லை.

ஆயினும் அந்த யந்திரத்தின் கண் எட்டுவது சில பத்து மீட்டர்களே. இங்கே நாம் சற்று நின்று நிதானிக்க வேண்டும். இரண்டு கம்பங்களுக்கும் இடையே 30 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். காற்றின் பார்வை அளவு 10 கிலோமீட்டர். அந்த முப்பது மீட்டரில் ஒளி இழப்பது நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு. இப்போது தூத்துக்குடியின் உப்பங்காற்று, கருவியின் கண்ணாடியில் நகத்தால் கீறினால் மட்டும் தெரியக்கூடிய ஓர் உப்புப் படலத்தை ஏற்றி, மேலும் ஒரு சதவீத ஒளியைத் தடுத்துவிடட்டும். கருவிக்குக் காற்றின் குற்றமும் கண்ணாடியின் குற்றமும் ஒன்றே. அது பத்து கிலோமீட்டருக்குப் பதிலாக ஐந்துக்கும் குறைவு என்று எழுதிவிடும். இதே ஒளியை நான்கு கிலோமீட்டர் ஓடவிட்டால் காற்று மட்டுமே பத்தில் ஏழு பங்கைத் தின்றுவிடுகிறது. கண்ணாடியின் அந்த ஒரு சதவீதம் விடையை நூறு மீட்டர்கூட மாற்றாது. மங்கல் லேசாக இருக்கும்போது அதை அளக்க நீண்ட பாதை வேண்டும் என்பது இதனால் விளங்கும். அமெரிக்கத் தேசியப் பூங்காக்களில் பள்ளத்தாக்குகளுக்குக் குறுக்கே பல கிலோமீட்டர் இடைவெளியில் விளக்கையும் உணர்கருவியையும் நிறுத்தி அளந்ததும் இந்த நியாயத்தை ஒட்டியே.

விலையிலும் பராமரிப்பிலும் எளியவை என்று இன்று பெருகிவரும் சிதறல் கருவிகள், பாதை என்பதையே விட்டுவிட்டன. ஒரு கற்றையை வீசி, அது ஒரு கைப்பிடிக் காற்றில் சாய்வாக முன்னோக்கிச் சிதறுவதை அளந்து, மற்றதை ஊகிக்கின்றன. இங்கிலாந்தில் ப்யூட்டெல்லும் ப்ரூவரும் 1949-இல் விவரித்த நெஃபலோமீட்டர், காற்றை ஓர் இருட்டறைக்குள் இழுத்து எல்லாத் திசைச் சிதறலையும் ஒருங்கே கூட்டிப் பார்க்கிறது. ஆய்வுக்கூடத்துக்கு அது உத்தமமான கருவி. ஆனால் இவை அளப்பது சிதறலை மட்டுமே. கரி கலந்த புகை ஒளியைச் சிதறடிப்பதோடு விழுங்கவும் செய்கிறது. விழுங்கியது இவற்றின் கணக்கில் ஏறுவதில்லை.

இந்த நுட்பம் நம் கரையில் ஏன் முக்கியமாகிறது என்றால், இங்குள்ள மங்கல் ஒரே ஜாதியைச் சேர்ந்ததன்று. ஆனி ஆடியில், மலை இடைவெளிகளின் வழியாகப் பாய்ந்து வரும் மேல்காற்று, சாத்தான்குளத்துக்கும் திருச்செந்தூருக்கும் இடைப்பட்ட தேரிகளின் செம்மணலை எழுப்பிக்கொண்டு கடலை நோக்கி ஓடுகிறது. பருமனான துகள்களாலாகிய அந்த மங்கல் பழுப்பும் சிவப்புமாக இருந்து, காற்று ஓய்ந்த மாத்திரத்தில் படிந்துவிடும். அலை நுரையிலிருந்து எழும் உப்புத் துகளோ வேறு ஸ்வபாவம் உடையது. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தை எட்டும் வரையில் உலர்ந்த படிகமாகக் கிடப்பது, அதைத் தாண்டியதும் சட்டென்று நீரை வாங்கித் துளியாகிறது; 90 சதவீதத்தில் அதன் விட்டம் இரு மடங்குக்கு மேலாகி, ஒளியை மறிக்கும் பரப்பு நான்கைந்து மடங்காகப் பெருகுகிறது. விடியற்காலையில் முயல் தீவும் துறைமுகத்துப் பாரந்தூக்கிகளும் பால்வெள்ளையில் மூழ்கியிருப்பதும், பத்து மணி வெயிலில் ஒரு துகளும் குறையாமலே அவை மீண்டும் தெரிவதும் இதனால்தான். கருவிக்குள் நுழையும் காற்றைச் சூடாக்கி உலர்த்தும் நெஃபலோமீட்டர், இந்த வெண்மூட்டத்தைத் தன் வாசலிலேயே அழித்துவிட்டு, காற்று தெளிவாக இருக்கிறது என்று சொல்லிவிடும்.

மூன்றாவது வகை, புகை. 1979 முதல் படிப்படியாக எழுந்து 1,050 மெகாவாட் திறனை எட்டிய அனல்மின் நிலையமும், அதன்பின் வந்தவையும், கப்பல்களும், வாகனங்களும் இதில் பங்குடையன. எனினும் பெரும்பகுதி தூரதேசத்துச் சரக்கு. 1999-ஆம் ஆண்டு ஜனவரி முதல் மார்ச் வரையில், மதுரையிலே பிறந்த வீரபத்ரன் ராமநாதனும் நோபல் பரிசு பெற்ற பால் க்ரூட்ஸனும் முன்னின்று நடத்திய இந்தியப் பெருங்கடல் பரிசோதனை, மாலத்தீவின் காஷிதூ நிலையத்திலிருந்தும் கப்பல்களிலிருந்தும் விமானங்களிலிருந்தும் அளந்து, உபகண்டத்திலிருந்து கடலின்மேல் படரும் பழுப்பு மூட்டம் சுமார் மூன்று கிலோமீட்டர் உயரம் வரையில் நிறைந்து நிற்பதைக் கண்டது. அதில் ஒளி இழப்பின் பத்தில் ஒரு பங்கு கரியின் விழுங்கலால் நேர்வது. மாசி, பங்குனி மாதங்கள் மன்னார் வளைகுடாவில் காற்றடங்கிக் கடல் தெளியும் காலம். முத்துக்குளிப்பு நடந்ததும் அந்த அமைதியான பருவத்திலேதான், 1961-இல் நடந்த கடைசி முத்துக்குளிப்பு வரையில். குளிப்பவனுக்கு நீர் தெளியும் அதே மாதங்களில், படகோட்டிக்குக் காற்று கலங்குகிறது. மழையும் இல்லை, பெருங்காற்றும் இல்லை, ஆகவே மூட்டம் போவதற்கு வழியில்லை.

சூரியனை நேரே நோக்கி அதன் ஒளிக்குறைவை அளக்கும் கருவிகள் நம் நாட்டில் பல இடங்களில் நெடுங்காலமாக இயங்கி, இந்த மூட்டத்தைப் பற்றி அரிய செய்திகளைத் தந்திருக்கின்றன. ஆனால் அவை காண்பது தலைக்குமேல் நிமிர்ந்து நிற்கும் காற்றுத் தூணை. படகிலிருந்து கரைக்கும், கப்பல் மேடையிலிருந்து துறைமுக வாயிலுக்கும் கிடையாகச் செல்லும் பார்வைக்கு அந்தத் தூண் பதில் சொல்லாது. மேலே தெளிந்து கீழே மூடியிருப்பதும், கீழே தெளிந்து மேலே பழுப்பேறியிருப்பதும் இங்கே சகஜம்.

கிடைக்கோட்டில் நீண்ட பாதை ஒன்று இக்கரையில் வேண்டுமானால் அதற்கு ஏற்ற இடம் ஆயத்தமாகவே இருக்கிறது. 1974-இல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டு, இன்று வ.உ.சிதம்பரனார் பெயரைத் தாங்கும் துறைமுகத்தின் வடக்கு அலைதடுப்புச் சுவர் கடலுக்குள் ஏறத்தாழ 4,100 மீட்டரும், தெற்குச் சுவர் 3,870 மீட்டரும் ஓடுகின்றன. வடக்குச் சுவரின் முனையில் துடிப்பொளி விடும் விளக்கு ஒன்றையும், சுவர் கரையில் தொடங்கும் இடத்தில் குறுகிய நோக்குள்ள தொலைநோக்கியோடு கூடிய உணர்கருவியையும் வைத்துவிட்டால், இரவு பகல் என்ற பேதமின்றி நான்கு கிலோமீட்டர் கடற்காற்றின் மங்கல் மணிக்கு மணி எழுதப்பட்டு வரும். கூடவே அந்தப் பாதையின் ஓரத்தில் சிதறல் கருவி ஒன்றை நிறுத்தினால், மொத்த இழப்புக்கும் சிதறலுக்கும் உள்ள வித்தியாசம் கரியின் பங்கைக் காட்டும். ஈரமானி ஒன்றைச் சேர்த்தால் உப்பின் பங்கும் பிரிந்து நிற்கும்.

இடையூறுகளும் உண்டு. வெயிலில் காய்ந்த கற்பாளங்களின்மேல் காற்று கொதித்து, நடுப்பகலில் கற்றையை அலைக்கழிக்கும். ஆதலால் கற்றை சுவரிலிருந்து பல மீட்டர் உயர்ந்து செல்ல வேண்டும், அளவுகளும் சில நிமிஷங்களுக்குச் சராசரி எடுக்கப்பட வேண்டும். பார்வை அளவு 500 மீட்டருக்குக் குறையும் அபூர்வமான மூடுபனியில், நான்கு கிலோமீட்டர் கடந்து ஒரு துளி ஒளியும் வந்து சேராது. அந்த வேளைக்கு முப்பது மீட்டர்க் கருவியே கதி. விளக்கின் பிரகாசம் மாதத்துக்கு மாதம் தேயும் என்பதால், தெளிந்த இரவொன்றில் விளக்கையும் உணர்கருவியையும் அருகருகே கொண்டுவந்து ஒப்பிட்டுப் பார்ப்பது அவசியம். அன்றியும் ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிந்திய காலைகளில் உத்தேசமான ஒரு சோதனைக்கும் இடமிருக்கிறது. பொதிகை கண்ணுக்குத் தெரியும் நாளில் இழப்பு எண் சராசரியாக 0.04-ஐத் தாண்டியிருக்க முடியாது. அந்தப் பார்வைக் கோடு மலைப்பக்கம் மேலேறிச் செல்வதை முன்னிட்டு, கடல்மட்டக் காற்றுக்குச் சிறிது விட்டுக்கொடுத்தாலும், நான்கு கிலோமீட்டரில் விளக்கொளி நூற்றுக்கு எண்பதுக்குக் குறையாமல் வந்து சேர வேண்டும். அறுபதுதான் வருகிறதென்றால், காற்றைக் குறை கூறுவதற்கு முன்னால் ஒரு சுத்தமான துணியையும் நன்னீரையும் எடுத்துக்கொண்டு சுவரின் முனைக்குப் போக வேண்டும்.